ஏழாயிரம் லைக்

கவுன்சிலர் ஆபீசில் மூன்று மணி நேரம் நின்றதில், மூட்டை தூக்கித் தேய்ந்த இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"அந்தப் பதிவை அழிச்சிடுங்க தலைவரே" என்றான் சுமைதூக்கி.

கவுன்சிலர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏழாயிரம் லைக் வந்திருக்குய்யா! உனக்கு என்ன வலிக்குது?"

"குடோன் மேனேஜர் என் பேரை அடிச்சிட்டார். நாலு நாளா வேலை இல்ல."

பக்கத்திலிருந்த நிருபர் டீயை உறிஞ்சினார். "நம்ம பேப்பர்லயும் போட்டாச்சு. இனி மாத்தினா அசிங்கம்."

"ஒரு எட்டு வந்து விசாரிச்சிருக்கலாமே சார்?"

"தலைவரே போட்டுட்டார். அப்புறம் என்னய்யா விசாரணை?"

"படத்தையாவது பாருங்க தலைவரே."

கவுன்சிலர் பார்த்தார். கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு முகம். கீழே, 'குடோன் விபத்தில் மறைந்த தோழருக்குக் கண்ணீர் அஞ்சலி.' நிமிர்ந்து எதிரே நின்றவனைப் பார்த்தார்.

"அட, நீதானா அது! அப்போ செத்தது?"

"என் கூட்டாளி, தலைவரே."

"சரி விடு. தேர்தல் வரைக்கும் வெளியே தலைகாட்டாதே."

தேர்தல் முடிந்து அவர் ஜெயித்தும் விட்டார். பத்திரிகையில் மறுப்பு வந்தால்தான் வேலை என்கிறார் மேனேஜர். 'இவர் உயிரோடு இருக்கிறார்' என்று பத்திரிகை போட வேண்டிய அந்த ஒரு வரி இன்றும் பாக்கி.