வெறுந்தேத்தண்ணி

அண்ணன் வீட்டில் கொடுத்த டம்ளரை வாங்கிய சீதை வாயருகே கொண்டுபோகாமல் நிறுத்திவிட்டாள். துளி பால் இல்லை. கருகருவென்று வெறுந்தேத்தண்ணி.

எந்த வீட்டில் பாலில்லாமல் கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? சாவு வீட்டில்தான்.

"மதினி... யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. குடி" என்றாள் அண்ணன் மனைவி ஆவுடையாள்.

கூடத்துக் கட்டிலில் அண்ணன் ஆண்டியப்பன் கண்ணை மூடிக் கிடந்தார். கழுத்துவரை வெள்ளை வேட்டி. கால்மாட்டில் தெருப் பெண்கள் நாலைந்து பேர். தேத்தண்ணியைக் குடித்தார்கள், எழுந்தார்கள், 'போயிட்டு வாரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வெளியே போய்விட்டார்கள்.

துக்க வீட்டில்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவது. பாலில்லாததைக் குடித்த வாய்க்கு அந்த வழக்கமும் தானாக வந்துவிட்டதோ என்னவோ. சீதை மெல்லப் போய் அண்ணன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

மூச்சு வந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"உசுரோட இருக்க மனுசனுக்கு என்ன கோலம் மதினி இது?"

"திருச்சி டாக்டரு சொல்லிட்டாராம். ஒங்க அண்ணன் ரத்தத்துல கொழுப்பு ஏறிக் கெடக்காம். நெய்யி, பாலு, கறி எதுவும் ஆகாதாம். வெறுந்தேத்தண்ணி கொழுப்பைக் கொறைக்கும்னு சீமையில ஒரு பேச்சு இருக்காம். நிச்சயமில்ல, குடிச்சுப் பாருங்கன்னாராம்."

"சரி, அவுக குடிக்கட்டும். நீங்க ஏன் குடிக்கிறீங்க? வர்றவுகளுக்கெல்லாம் ஏன் இதையே குடுக்குறீங்க?"

"அவருக்கு ஆகாதது எனக்கு மட்டும் எதுக்கு? கறவை மாட்டையே வித்தாச்சு."

சொல்லிவிட்டு ஆவுடையாள் கிணற்றடிக்குப் போனாள்.

சீதைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நெய் மணக்கிற வீடு இது. இருக்கிறவரைப் பிணமாகக் கிடத்தி, தெருவையே கூட்டித் துக்கம் விசாரிக்க வைத்திருக்கிறாளே, இவள் எல்லாம் ஒரு பெண்டாட்டியா?

கட்டிலோரம் குனிந்தாள்.

"அண்ணே, எந்திரிங்க. கீரனூர் பஸ் வர்ற நேரந்தான். எங்க வீட்டுக்கு வந்துருங்க. நாலு நா நெய் ஊத்திச் சோறு போட்டா ஒடம்பு தேறிரும். இங்க கெடந்தா மதினி ஒங்களை உசுரோட பொதைச்சிரும்."

அண்ணன் கண்ணைத் திறந்தார். முதலில் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். பிறகு தங்கை கையைப் பிடித்து இழுத்தார். சீக்காளி பிடியாக இல்லை அது.

"மெதுவாப் பேசு. அன்னிக்கு டாக்டரு எங்க ரெண்டு பேருக்குமே ரத்தம் எடுத்தாரு. முடிவு கேக்க நான் மட்டுந்தான் போனேன்."

"அதான், ஒங்களுக்குக் கொழுப்புன்னு..."

"எனக்கு ஒரு கேடும் இல்ல சீதை. அவளுக்குத்தான். ஒனக்கு ஆகாதுன்னு அவகிட்ட சொல்லியிருந்தா ஒரு வேளைகூட நெய்யை விட்டிருக்க மாட்டா. எனக்கு ஆகாதுன்னேன், அன்னிக்கே விட்டுட்டா."