செண்பகம் எண்ணிய கொட்டைகள்

நாவல் மரத்துக் குரங்குக் குட்டிகளுக்குச் செண்பகம் என்ற மந்திதான் டீச்சர். எந்தக் கிளை தாங்கும், எது முறியும் என்று குட்டிகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பாள். அப்படியும் சாயங்காலம் வீட்டுக்குத் தாவும்போது அவை வழுக்கி விழுந்தன. ஒருநாள் பூவரசி என்ற குட்டிக்குக் கால் பிசகியது. அதை மடியில் போட்டுக்கொண்டு செண்பகம் அழுதாள்.

"அக்கா, நல்லா விளையாடின நாள்ல கம்மியாத்தான் விழுறாங்க. நான் கவனிச்சிருக்கேன்," என்றது பக்கத்துப் பொந்து அணில்.

"விளையாட விட்டா இன்னும் விழும்!" என்று செண்பகம் சீறினாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பத்து நாள் பாடம் நடத்தினாள். பத்து நாள் தாழ்ந்த கிளைகளில் ஆட விட்டாள். சாயங்காலம் ஒவ்வொரு குட்டி விழும்போதும் ஒரு நாவல் கொட்டையை எடுத்து வைத்தாள். பாடம் நடத்திய நாட்களுக்குப் பதினேழு கொட்டை சேர்ந்தது. ஆடிய நாட்களுக்கு நாலுதான்.

"இத்தனை வருஷமா பிடிச்சு உட்கார வெச்சேனே," என்று தலையைத் தொங்கப் போட்டாள்.

"விழுந்துடுவாங்கன்ற பயத்துலதானே செஞ்சீங்க," என்றது அணில்.

மறுநாள் பூவரசியின் அம்மா வந்து கத்தினாள். "பாடம் எடுக்காம என்ன கூத்து இது டீச்சர்?"

"பக்கத்துல உட்காரும்மா. பத்து நாள் நீயும் எண்ணிப் பாரு. அப்புறம் என்னைத் திட்டு."

அம்மா முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். நாலாம் நாள் எண்ண மறந்துபோய், மகளோடு தானும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள்.