டில்லிக்கு ஒரு ஸ்தோத்திரம்

“இதை நான் வாசிக்கமாட்டேன் அண்ணாச்சி.”

காணிக்கைக் கவரிலிருந்து எடுத்த துண்டுச் சீட்டை சுந்தரராஜ் மேஜைமேல் வைத்தார். சபையார் ஆண்டவருக்கு நன்றி சொல்லி எழுதிக் கொடுக்கும் ஸ்தோத்திரச் சீட்டுகளை ஞாயிறு ஆராதனையில் உரக்க வாசிப்பது சபைச் செயலாளரான அவர் வேலை. சனிக்கிழமை சாயங்காலமே கோயிலுக்கு வந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துவிடுவார்.

எதிரே ஜேசுபாதம் நின்றுகொண்டிருந்தார். எழுபதை நெருங்குகிறவர். மனைவி இறந்து ஒரு வருஷமாகிறது.

“ஏன் தம்பி, எழுத்து புரியலையா?”

“எழுத்து முத்து முத்தாத்தான் இருக்கு. ‘குடும்பமாய் டில்லிப் பட்டணம் சுற்றிப் பார்த்துச் சுகமாய்த் திரும்பியதற்காக, ஜேசுபாதம் குடும்பத்தார்.’ குடும்பமாய்னா யாரு யாரு?”

“மகன், மருமக, பேரப்பிள்ளைய ரெண்டு…”

“நீங்க?”

ஜேசுபாதம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“காலாண்டு லீவு பூரா நீங்க இங்கனதான் இருந்தீங்க. நான் பாத்தேம்லா.”

பார்த்துத்தான் இருந்தார். சுந்தரராஜின் மனைவி மகளின் பிரசவத்துக்காக நாசரேத்துக்குப் போய் ஒரு மாதமாகிறது. மத்தியானச் சாப்பாடு மார்க்கெட் பக்கத்து ஓட்டலில். அங்கே தினமும் ஜேசுபாதம் வருவார். சுவரைப் பார்த்து உட்காருவார். இலையில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு தடவை சோறு கேட்காமல் எழுந்து போவார். சாயங்காலம் பழைய துறைமுகத்தில், தோணிகளில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போக அவசரமில்லாத மனிதர்.

சுந்தரராஜுக்கும் அந்த அவசரம் இல்லை. வீட்டுக்குள் தன் குரலைத் தானே கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. ஆனாலும் ஒரு நாள்கூட அவர் பக்கத்தில் போய் உட்காரத் தோன்றவில்லை.

“கிளாட்வின் உங்களை ‘வாங்கப்பா’ன்னு ஒரு வார்த்த கூப்பிட்டானா?”

“கூப்பிடாம இருப்பானா? எனக்குத்தான் முட்டுவலி. மூணு ராத்திரி ரயில்லயே கெடக்கணும்லா?”

“முட்டுவலிக்காரர்தான் தெனமும் துறைமுகம் வரைக்கும் நடந்தீங்களாக்கும்?”

ஜேசுபாதம் சிரித்துவிட்டார்.

“நீங்க போலீசுக்குப் போயிருக்கணும் தம்பி. கஸ்டம்ஸ்ல போய் உக்காந்துட்டீங்க.”

“சிரிக்கிற விஷயமில்ல அண்ணாச்சி. கோயில்ல நின்னு பொய்ய வாசிக்கச் சொல்லுதீங்க. யார் போனா, யார் போகலைன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?”

“அவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாம்னுதான்.”

“ஊருக்கு ஏன் தெரியக் கூடாது? நாளைக்கு அவனும் வந்து முன் பெஞ்சுல உக்காந்திருப்பான். நான் ‘குடும்பமாய்’னு வாசிப்பேன், அவன் கூசாமக் கேட்டுட்டு இருப்பான். அதான் வேணுமா? ‘மகன் குடும்பம் டில்லி சென்று திரும்பியதற்காக, தகப்பன் ஜேசுபாதம்’னு மாத்தி எழுதப்போறேன். அவனுக்கு உறைக்கட்டும்.”

ஜேசுபாதம் மேஜைமேல் கிடந்த சீட்டை சுந்தரராஜ் பக்கமாக நகர்த்தினார்.

“செயலாளர் நீங்க. உங்க இஷ்டம்.”

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“சின்னப் பேத்தி குதுப்மினார்ல ஏறிப் பாத்தாளாம் தம்பி. அங்கேருந்து தாத்தா தெரியுதாரான்னு தேடினாளாம். வந்ததும் வராததுமா எங்கிட்டச் சொல்லுதா.”

அவர் படியிறங்கிப் போகிற செருப்புச் சத்தம் மணல் வரும்வரை கேட்டது.

பாவம்தான். ஆனால் பெற்றவர்கள் இப்படி மூடி மூடி மறைப்பதால்தானே பிள்ளைகளுக்குப் புத்தி வருவதில்லை? சுந்தரராஜ் பேனாவைத் திறந்தார். பிரயாண ஸ்தோத்திரம் எழுதி ரொம்ப நாளாகியிருந்ததால், வாசகம் சரியாக இருக்கவேண்டுமே என்று நோட்டைப் பின்னால் புரட்டினார். அவர் செயலாளராகி இரண்டு வருஷம்தான். அதற்கு முந்தைய பக்கங்களெல்லாம் ஜேசுபாதத்தின் கையெழுத்து. பன்னிரண்டு வருஷம் அவர்தான் செயலாளர்.

1973 அக்டோபர். மேலிருந்து நாலாவது வரி.

‘குடும்பமாய் டில்லிப் பட்டணம் சுற்றிப் பார்த்துச் சுகமாய்த் திரும்பியதற்காக, கிருபாபாய் டீச்சர் குடும்பத்தார்.’

பேனா நின்றது.

கிருபாபாய் சுந்தரராஜின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியைப் படிக்கவைத்தவள். கடைசிவரை அவர் வீட்டில்தான் இருந்தாள். போன வருஷம் இறந்துபோனாள்.

சீட்டு எழுதிக் கொடுத்தது அவள். டில்லிக்குப் போனது மூன்று பேர். அவர், மனைவி, மகள்.

அக்காவுக்கு ரயில் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது. மூன்று வருஷமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். யார் சொன்னது? அக்காதான் சொன்னாள். எப்போது சொன்னாள்? டிக்கெட் எடுத்த பிறகு. அவர் கேட்டாரா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஜேசுபாதம் வெண்கலக் குரலில் ‘குடும்பமாய்’ என்று வாசித்தார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவரும் பெருமையாகத் தலையசைத்தார். அந்த வார்த்தையில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

ஜேசுபாதத்துக்கு ஒருவேளை விவரம் தெரியாமல் இருந்திருக்குமோ?

தெரியாமல் எப்படி இருக்கும்? ஊர் திரும்பியதும் அக்காவே சொன்னாளே. அந்தப் பதினான்கு நாளும், அக்கா ஒற்றையாய் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று, தினமும் மத்தியானம் வந்து கையோடு தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தானே!