இருபதாவது பாஸ்போர்ட்

உள்ளே கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. கதவோ உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது.

"மாமா! அப்பாவு மாமா!" கலாதேவி இரும்பு கேட்டைப் பிடித்து உலுக்கினாள். அவருக்கு எழுபத்தொரு வயது, தனிக்கட்டை. இரண்டு நாளாக போனை எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ராக்காயி எட்டிப் பார்த்தாள். "நேத்துலேர்ந்து ஆள வெளிய காணோம்லா. ராத்திரி லைட்டும் போடல."

கலாதேவி பயந்துபோய், யாரைக் கூப்பிடுவது என்று போனைத் தடவிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு இருமல் கேட்டது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் வந்த இருமல்.

பயம் போய் அவளுக்குக் கோபம் வந்தது. "உள்ளதான் இருக்கீங்களா! தொறக்கறீங்களா, பொம்பா தீயணைப்பு வண்டியக் கூப்பிட்டு கதவ ஒடைக்கச் சொல்லட்டா?"

அவள் கைப்பையில், தமிழ்நாட்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களின் பத்தொன்பது பாஸ்போர்ட் இருந்தன. ஐந்து மணிக்குள் ஈப்போவில் ஏஜெண்டிடம் இருபதையும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காத பெயரை அடித்துவிடுவார்கள். மதுரை, தஞ்சாவூர், கும்பகோணம் என்று பத்து நாள் பயணம். பட்டியலில் முதல் பெயராக அவள் எழுதியது அப்பாவுவின் பெயரைத்தான். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்கெல்லாம் கேட்பார்களா என்ன?

சனிக்கிழமை தவறாமல், ஊர் பார்க்க வரும் தமிழர்களை ரயில் நிலையத்திலிருந்து ஈப்போ பழைய பட்டணம் முழுக்க நடத்திக் கூட்டிப்போகிறவர் அவர். கிந்தா ஆற்றுப் பாலத்தில் நின்று, "இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் புதுசு. மதுரையும் இப்படித்தான், நடுவுல வைகை" என்பார். மாசி வீதிகளை அவர் சொல்லக் கேட்டால் மல்லிகைப்பூ வாசமே வரும். அந்த மனிதர் இல்லாமல் மதுரைக்குப் போய் என்ன செய்ய?

மூன்று வாரமாக பாஸ்போர்ட் கேட்கிறாள். "நாளைக்குத் தாரேன்மா" என்பதோடு சரி.

கதவு திறந்தது. "தூங்கிட்டேன்லா" என்றார் அப்பாவு. தலை படிய வாரியிருந்தது. சட்டையில் இஸ்திரி கலையவில்லை.

"நல்லாத் தூங்கினீங்க! மணி நாலாச்சு. பாஸ்போர்ட் எங்க?"

"முட்டி வலிம்மா. நீங்க போய்ட்டு வாங்க."

"போன சனிக்கிழம ரெண்டு மணி நேரம் நடந்தீங்க. அப்ப எங்க போச்சு முட்டி வலி?"

"பிளேன்ல காது அடைக்கும்."

"எனக்கு சூராட் பெரானாக் எடுத்துக் குடுத்தது யாரு மாமா? அந்தப் பிறப்புப் பத்திரம் இல்லாட்டி நான் பரீட்ச எழுதியிருப்பேனா, இன்னிக்கு நர்ஸா நிப்பேனா? உங்கள ஒரு தடவ கூட்டிட்டுப் போகணும்னு நான் ஆசப்படக் கூடாதா?"

அவள் ஒருத்தி மட்டுமா? ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் கிடந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஃபாரம் எழுதி, ஆளுக்கு இரண்டு சாட்சி பிடித்து, தைப்பிங் பதிவு அலுவலகம் வரை மழையில் அலைந்தவர் அவர். தேர்தல் வந்தால் தோட்டத்து ஆட்களை வேனில் ஏற்றி வந்து இறக்கிவிட்டு, பள்ளிக்கூட வாசலில் தண்ணீர் பாட்டிலோடு சாயங்காலம் வரை நிற்பார். நீங்க உள்ளே போகலையா என்றால், "கூட்டம் குறையட்டும்லா" என்பார்.

அப்பாவு தரையைப் பார்த்தார். கலாதேவிக்குச் சட்டென்று போன வாரப் பயணக் கூட்டம் ஞாபகம் வந்தது. கூட வரவிருந்த சுகுமாரன் பேச்சுவாக்கில், "அண்ணே, நீங்க எந்த வருசம் மதுரைக்குப் போனீங்க?" என்று கேட்டான். இவர் முகம் சுண்டிப்போய்விட்டது. தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. நீங்க மதுரைக்குப் போனதே இல்லதானே?"

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"இல்லம்மா."

"தஞ்சாவூரு?"

"எங்கயும் இல்ல. போய்ட்டு வந்தவங்ககிட்ட கேட்டு எழுதி வெச்சுக்குவேன்." மேசையில் இருந்த நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு இருக்கும். தெருத் தெருவாகப் படம் போட்டு வைத்திருந்தார்.

கலாதேவிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. "அட, இதுக்கா ரெண்டு நாளா ஒளிஞ்சுக்கிட்டு இருந்தீங்க? எனக்கு உயிரே போய்டுச்சு! யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். இதுவர போகலன்னா இப்ப போலாம். இன்னும் நேரம் இருக்கு, குடுங்க பாஸ்போர்ட்ட."

அவள் கையை நீட்டினாள்.

அப்பாவு எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, மடித்த வேட்டிகளுக்கு அடியிலிருந்து பழைய பர்ஸ் ஒன்றை எடுத்தார். அதிலிருந்து அடையாள அட்டையை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவளுடையது குடிமக்களுக்கான நீல அட்டை. தோட்டத்தில் அவர் எழுதிக் கொடுத்த எல்லாருடையதும் நீலம். இது சிவப்பாக இருந்தது.

"எல்லாருக்கும் எழுதி முடிச்சுட்டு கடைசியா என்னுதப் பாத்துக்கலாம்னு இருந்தேன்" என்றார். "அதுக்குள்ள, நான் இங்கதான் பொறந்தேன்னு சாட்சி சொல்லக்கூடியவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க."

கலாதேவி கையை மடக்கவும் தெரியாமல், நீட்டவும் தெரியாமல் நின்றாள்.

"எனக்கு எந்த நாடும் பாஸ்போர்ட் குடுக்காது, தேவி."