வேகட்டும்

காசிலிங்கம் வீட்டு ஏசியைக் கோடைக்கு முன்பே சர்வீஸ் செய்ய வந்த செல்வின், வெளிச்சுவரில் இருந்த யூனிட்டைக் காட்டினான்.

“அண்ணாச்சி, இந்த வெக்கை பூரா பக்கத்து வீட்டு அடுக்களை ஜன்னல்லதான் அடிக்கு. மாத்தி வச்சிருவமா?”

“வேகட்டும்ல! வேலிச் சண்டைக்கு என்னைய போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் இழுத்தவதானே!” ஜன்னலுக்குக் கேட்கும்படியே கத்தினார்.

மறுநாள் அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் செல்லக்கனி கொடி கட்டி, வரிசையாகக் கருவாடு தொங்கவிட்டாள். இரண்டு நாள் கழித்துத் தெருவே கேட்கச் சிரித்தாள்.

“அண்ணாச்சி, ஒங்க ஏசி நல்லாருக்கணும்! கருவாடு மொறுமொறுன்னு காஞ்சிட்டு. நிப்பாட்டிராதிய, அடுத்த கூடை வருது!”

காசிலிங்கத்துக்கு வயிறு எரிந்தது.

“எங் கரண்டுல அவ கருவாட்டு யாவாரம் பண்ணுதாளா?”

அன்றே செல்வினை வரவழைத்தார். மாட்ட வேறு இடமில்லை. யூனிட் அவருடைய அடுக்களை ஜன்னலுக்கு நேராகவே ஏறியது.

மாலையில் செல்லக்கனி கருவாட்டை அள்ளிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.

“இந்தா முத்துச்செல்வி, ஒங்கடையில எரவல் வாங்குன கருவாடு. வாங்கும்போதே காஞ்சதுதானே, இன்னும் என்னத்த காய? இனி அவரு வேகட்டும்.”