பிக்கப் மாற்றிய ஞாயிறு

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. காரைக்காலில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் துண்டு விரித்து, பேஸ் கிட்டாரைப் படுக்க வைத்து, அதன் இரண்டு பிக்கப்புகளையும் தியேரி கழற்றினான்.

கடல் காற்றில் திருகுகள் துருவேறியிருந்தன. அடியில் இருந்த பஞ்சு விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது.

எதிரே நெடுமாறன் உட்கார்ந்திருந்தான். தியேரி வாசிக்கும் மெல்லிசைக் குழு அவனுடையது. பள்ளிக்கூடத்திலிருந்து நண்பன். அன்று நண்பனாக மட்டும் வரவில்லை.

ஆனியில் போலகத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. அதன் வீடியோவில் மாப்பிள்ளை எல்லோருக்கும் நன்றி சொல்கிறான். பின்னால் பேஸிலிருந்து விடாமல் ஓர் இரைச்சல். பெண் வீட்டார் நெடுமாறனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தியேரி ஒயரை மாற்றினான். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பை மாற்றிப் பார்த்தான். அடுத்த மேடைக்குப் பின்னால் இரும்புக் கம்பி அடித்து, உப்புத்தண்ணீர் ஊற்றி, எர்த் கொடுத்தும் பார்த்தான். மிச்சம் இருந்தது பிக்கப்தான்: கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்ப்புக்கு அனுப்பும் காந்தக் கட்டை.

ஆடியில் கல்யாணம் இல்லை. பழுது பார்க்க அதைவிட நல்ல மாதம் கிடையாது.

“இதுலயும் போவலன்னா நீ கோவிச்சுக்கக் கூடாது” என்றான் நெடுமாறன். “நம்ம குழு விஷ்ணுப்ரியா கீபோர்டுல இடது கையாலேயே பேஸ் வாசிச்சுடுது.”

“பிரியாணியும் அந்தக் கைக்குத் தனியா வைப்பியா?”

நெடுமாறன் சிரித்தான். சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

புது பிக்கப்புகள் பாரிஸிலிருந்து தியேரியின் அக்கா பத்ரிசியா கொடுத்தனுப்பியவை. விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஒரு குடும்பத்தின் பெட்டியில் பாலாடைக்கட்டியோடு வந்ததால், உறையில் இன்னும் அந்த வாடை இருந்தது.

தியேரி ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். ஊதி ஆற்றினான். கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தான்.

ஆம்ப்பைப் போட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பிக்கப்பைத் தட்டினான். ஆம்ப் பெட்டிக்குள் ‘டொக்’ என்றது. இணைப்பு சரி.

ஒன்றும் வாசிக்காமல் ஒலியை முழுவதும் ஏற்றினான்.

இரைச்சல் இருந்தது.

“போயிருச்சுடா” என்றான் நெடுமாறன்.

தியேரி நிமிர்ந்து பார்த்தான். இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறானோ என்று தோன்றியது. ஆனால் பாட்டு விஷயத்தில் நெடுமாறன் யாருக்கும் இரக்கப்பட்டதில்லை.

“சும்மா சொல்லாத. கேக்குது.”

“எங்க கேக்குது? தங்கச்சி, செத்த இங்க வாம்மா.”

தியேரியின் மனைவி மரியான் ஈரக் கையோடு வந்து நின்றாள். பெட்டியின் அருகே தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“ஃபேன் சத்தந்தாண்ணே கேக்குது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

தியேரி கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்தான். பழைய பிக்கப் இருந்தபோது கம்பியில் கை பட்டால் இரைச்சல் தாழும், எடுத்தால் ஏறும். இப்போது வைத்தாலும் எடுத்தாலும் ஒன்றாகவே இருந்தது.

ஒலியைக் கடைசி வரை குறைத்தான். இரைச்சல் குறையவில்லை.

குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். ஆம்ப்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. எழுந்துபோய் ஃபேனையும் நிறுத்தினான். இறக்கைகள் ஓயும்வரை சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றான்.

இரைச்சல் இருந்தது. மெல்லியதாக, ஒரே சுருதியில், இடது காதுக்குள். மேடையில் ஒலிப்பெட்டி இருக்கும் பக்கம் அது.

“என்னடா, இன்னுமா கேக்குது?” என்றான் நெடுமாறன்.

“இல்ல. போயிருச்சு.”

“அப்ப சனிக்கிழமை நெரவில கச்சேரி. வேன் வரும், கெளம்பி நில்லு.”

தியேரி தலையாட்டினான்.

ஆவணி பிறந்த அந்தச் சனிக்கிழமை நெரவியில் தியேரி வாசித்தான். ஒலிப்பெட்டியை ஒட்டி, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று.