எட்டு மாதமாக எழுதப்படும் புத்தகம்

“எழுத்தாளர் எங்கே, மேடம்? அவரைப் பாக்கத்தான் வந்தோம்!”

வாசலில் செருப்பைக் கழற்றியபடியே உரக்கக் கேட்டார் இயற்பியல் ஆசிரியர். அவருக்குப் பின்னால், கையில் பிஸ்கட் டப்பாவுடன் துணைத் தலைமையாசிரியை நின்றார்.

கதவைத் திறந்த தலைமையாசிரியை வழியை மறித்தபடியே நின்றாள்.

எழுத்தாளராவது, புத்தகமாவது! அவள் கணவன் லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பொறியாளன். அவளுக்குத் தலைமைப் பதவி கிடைத்த மாதத்தில் இரட்டைப் பெண்களுக்கு ஒரு வயது நிறைந்தது. “பள்ளிக்கூடத்தை நீ பாத்துக்கோ, இந்த ரெண்டு முதலாளிகளையும் நான் பாத்துக்கறேன்” என்று அவனாகவே ஓராண்டு விடுப்பு எடுத்தான். எட்டு மாதமாக அடுப்பும் துணியும் குழந்தைகளும் அவன் பொறுப்பு.

ஆனால் ஆசிரியர் அறையில், “வீட்டுக்காரர் லீவு போட்டுட்டு என்ன பண்றார், மேடம்?” என்று கேட்டபோது அவள் நாக்கு புரண்டுவிட்டது.

“புத்தகம் எழுதறார்.”

“எதைப் பத்தி?”

யாரும் மேற்கொண்டு தோண்டிக் கேட்காத விஷயமாக ஒன்றைத் தேடி, “லிஃப்ட்டோட வரலாறு” என்றாள்.

யாரும் கேட்கவில்லைதான், இயற்பியல் ஆசிரியரைத் தவிர.

வீட்டு வேலையில் ஆணென்ன, பெண்ணென்ன என்று காலைக் கூட்டத்தில் அறுநூறு மாணவிகளுக்கு எடுத்துரைத்தவளும் அவள்தான். ஒலிபெருக்கி முன்னால் நெஞ்சை நிமிர்த்தும் கொள்கைகள், நாலு பேர் முகத்துக்கு நேரே கேட்டதும் எப்படிச் சுருண்டுகொள்கின்றன! அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நம் மனசாட்சியையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

“அவர்… வேலையா இருக்கார். இன்னொரு நாள்…” என்று அவள் மென்று விழுங்குவதற்குள் அவனே வந்துவிட்டான். தோளில் ஈரத் துண்டு, இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று, கையில் கரண்டி.

“அடடே, வாங்க வாங்க! உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல பருப்பு கொட்டியிருக்கு.”

துணைத் தலைமையாசிரியை அவனை மேலும் கீழும் பார்த்தார். “எழுத்தாளர்னு சொன்னாங்க. கையில கரண்டி இருக்கே, சார்?”

“பேனாவை எடுத்தா இவங்க பிடுங்கிடறாங்க, மேடம். கரண்டின்னா கொஞ்சம் மரியாதை.”

இயற்பியல் ஆசிரியர் பொறுமையிழந்தார். “அதெல்லாம் இருக்கட்டும், சார். கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாம கவ்விப் பிடிக்குமே ஒரு ஏற்பாடு, அது புத்தகத்துல வந்துடுச்சா?”

தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது தலைமையாசிரியைக்கு. கணவன் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான்.

“அது மூணாவது அத்தியாயம்” என்றான்.

“பாக்கலாமா?”

“எதுக்கு சார், இன்னும் சரியா முடியலை…” என்று அவள் குறுக்கே பாய்ந்தாள்.

“இருக்கட்டுமே. கொஞ்சம் பிடிங்க, மேடம்” என்று குழந்தையைத் துணைத் தலைமையாசிரியையின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

எதைக் கொண்டுவரப் போகிறான்? பழைய அலுவலக அறிக்கையையா? கையும் களவுமாகப் பிடிபடப் போகிறேன் என்று அவள் உள்ளறைக் கதவையே பார்த்தாள்.

ஒரு தடித்த நோட்டோடு வந்தான். இயற்பியல் ஆசிரியர் வாங்கி உரக்கப் படித்தார்: “‘மேலே போகும் ஆசை மனிதனுக்கு என்றும் இருந்தது. கீழே விழும் பயம்தான் அவனை லிஃப்ட் செய்ய வைத்தது.’ பிரமாதம், சார்!”

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாம் அவள் கணவனின் குண்டு குண்டான கையெழுத்து. ஓரத்தில் அங்கங்கே மஞ்சள் கறை. பிஸ்கட் டப்பாவின் மூடியைக் குழந்தை கடித்துக்கொண்டிருப்பதைக்கூடக் கவனிக்காமல் துணைத் தலைமையாசிரியையும் எட்டி எட்டிப் பார்த்தார்.

அவர்கள் போனதும் தலைமையாசிரியை கதவில் சாய்ந்து நின்றாள்.

“எப்போ எழுதினீங்க இதெல்லாம்?”

“மத்தியானம் இவங்க தூங்கறப்போ. ரெண்டு பேரும் சேர்ந்து தூங்கினா ஒரு பக்கம். மாத்தி மாத்தி முழிச்சா ஒரு வரி.”

“நான் அப்படிச் சொன்னது… உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீ பதவி ஏத்துக்கிட்ட ரெண்டாவது வாரம் உங்க ஆபீஸ்ல இருந்து போன். ‘மேடம் வர நேரமாகும்’னு சொல்லிட்டு, ‘புத்தகம் எப்படிப் போகுது, சார்?’னு கேட்டாங்க. ‘ஜோராப் போகுது’ன்னேன். போனை வெச்சதும் ரெண்டு குழந்தைங்களையும் தூக்கிக்கிட்டுப் போய் இந்த நோட்டை வாங்கினேன்.”

அவள் அந்த நோட்டை எடுத்து மெல்ல மூடினாள். “திங்கட்கிழமை எல்லார்கிட்டயும் நிஜத்தைச் சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் வீட்டைப் பாத்துக்கறார்னு சொல்றேன்.”

“தாராளமாச் சொல்லு. புத்தகம் பொய்னு மட்டும் சொல்லிடாதே. நாலாவது அத்தியாயம் பாதியில நிக்குது!”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“ஏங்க, அன்னைக்கே ‘ஏன்டி இப்படிச் சொன்னே’ன்னு என்னைக் கேட்டிருக்கலாமே?”

குழந்தையின் வாயிலிருந்து பிஸ்கட்டைத் துடைத்தபடி அவன் சொன்னான்:

“கேட்டா நீ ஒரு காரணம் சொல்லணும். அதைச் சொல்ல உனக்குக் கஷ்டமா இருக்கும், கேக்க எனக்குக் கஷ்டமா இருக்கும். யோசிச்சுப் பாத்தேன். புத்தகமே எழுதிடறது சுலபமாத் தெரிஞ்சது.”